சிறு விமானத் தளங்களைக் காக்க இன்னொரு சங்கம் வேண்டுமா?

கணினியில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் விளையாடியவர்களுக்கு மெய்க்ஸ் ஃபீல்டைத் தெரியாமல் இருக்காது. பழைய பதிப்புகளில் விளையாட்டைத் திறந்ததும் ஒரு சின்ன விமானம் ஓடுபாதையில் நிற்குமே, ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வானளாவிய கட்டடங்கள்... அந்த இடம்தான். அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் நிஜமாகவே இருந்த சிறு விமானத் தளம். இன்று அங்கே விமானம் இறங்க முடியாது. 2003-ல் ஒரே இரவில் அது போய்விட்டது.

இந்தக் கதையைக் கேட்கும் யாருக்கும் முதலில் தோன்றும் கேள்வி, "இதைத் தட்டிக்கேட்க ஒரு சங்கம்கூடவா இல்லை?" என்பதுதான். இருந்தது. ஒன்றல்ல, பல இருந்தன. யோசிக்க வேண்டிய இடமே அதுதான்.

கொஞ்சம் பின்னால் போவோம். மெய்க்ஸ் இருந்த நார்தர்லி ஐலண்ட் இயற்கையான தீவு இல்லை. மிச்சிகன் ஏரிக்கரையில் மண்ணைக் கொட்டி உருவாக்கியது. டேனியல் பர்ன்ஹாம் 1909-ல் சிகாகோவுக்கு வரைந்த நகரத் திட்டத்தில் ஏரிக்கரை முழுவதும் பூங்காவாக இருக்க வேண்டும் என்று கனவு கண்டார். 1933, 1934-ல் இங்கே உலகப் பொருட்காட்சி நடந்தது. 1948 டிசம்பரில் விமானத் தளம் திறந்தார்கள். பிறகு, விமானத்துக்காக ஊரில் விடாமல் வாதாடிய பத்திரிகை அதிபர் மெரில் மெய்க்ஸின் பெயரை வைத்தார்கள். ஒரே ஓடுபாதை, சுமார் 3,900 அடி நீளம். நகரத்தின் மையத்துக்கு நடந்தே போய்விடலாம்.

மேயர் ரிச்சர்ட் எம். டேலிக்கு அந்த இடத்தில் பூங்கா வேண்டும். நிலம் பூங்காத் துறைக்குச் சொந்தம், நகராட்சியின் குத்தகை 1996-ல் முடிந்தது. உடனே தளத்தை மூடினார். அப்போது களத்தில் இறங்கியது "ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மெய்க்ஸ் ஃபீல்டு" என்ற உள்ளூர் அமைப்பு. வெறும் கோஷம் போடாமல், ஓடுபாதையும் இருக்கட்டும், சுற்றிலும் பூங்காவும் வரட்டும் என்று மாற்றுத் திட்டமே வரைந்து கொடுத்தார்கள். இல்லினாய் மாநில அரசும் தலையிட்டது. 1997 பிப்ரவரியில் தளம் மறுபடி திறந்தது, ஐந்து வருடத் தவணையில். 2001-ல் கவர்னர் ஜார்ஜ் ரயனும் டேலியும் இன்னொரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஓஹேர் பெரிய விமான நிலையத்தை விரிவாக்கலாம், பதிலுக்கு மெய்க்ஸ் இன்னும் 25 வருடம் இருக்கும். விமானிகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அந்த ஒப்பந்தத்தை மத்திய சட்டமாக்கும் மசோதா அமெரிக்கக் காங்கிரஸில் நிறைவேறவில்லை.

2003 மார்ச் 30, ஞாயிறு இரவு. போலீஸ் காவலோடு புல்டோசர்கள் வந்தன. விடிவதற்குள் ஓடுபாதையின் நடுவே பெரிய பெரிய பெருக்கல் குறிகளாகத் தோண்டிப் போட்டுவிட்டன. மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவுக்கு முன்னறிவிப்பு இல்லை. நகரசபையில் ஓட்டெடுப்பு இல்லை. 16 விமானங்கள் உள்ளே மாட்டிக்கொண்டன. ஓடுபாதைக்குப் பக்கத்தில் விமானங்கள் ஊர்ந்து போகும் டாக்ஸி பாதை மட்டும் தப்பியிருந்தது. பிறகு அதிலிருந்தே அவற்றைப் பறக்க விட்டார்கள்.

பயங்கரவாதத் தாக்குதல் பயம்தான் காரணம் என்றார் டேலி. செப்டம்பர் 11 நடந்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரம், சொன்னால் எடுபடும். ஆனால் மூடச் சொல்லி எந்த மத்தியப் பாதுகாப்புத் துறையும் கேட்கவில்லை. 1996-லேயே பூங்கா கேட்டவருக்கு 2003-ல் கிடைத்த சாக்கு என்றுதான் இதைப் படிக்க முடிகிறது.

தண்டனை என்ன தெரியுமா? 30 நாள் முன்னறிவிப்பு தராததற்கு நாளொன்றுக்கு 1,100 டாலர். ஆக மொத்தம் 33,000 டாலர்! சிகாகோ மாதிரி நகரத்துக்கு இது டீச்செலவு. 2006-ல் சமரசமாகி அதைக் கட்டினார்கள். விமான நிலைய வளர்ச்சி நிதியிலிருந்து இந்த இடிப்பு வேலைக்கு எடுத்த 10 லட்சம் டாலரையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

சரி, சங்கங்கள் என்ன செய்துகொண்டிருந்தன? விமான உரிமையாளர்கள், விமானிகளுக்கான ஏஓபிஏ 1939-லிருந்து இருக்கிறது. சொந்தமாக விமானம் கட்டுபவர்களின் ஈஏஏ 1953-லிருந்து இருக்கிறது. உள்ளூரில் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மெய்க்ஸ். எல்லாரும் நீதிமன்றத்துக்குப் போனார்கள், பத்திரிகைகளில் பேசினார்கள், வாஷிங்டனில் கதவு தட்டினார்கள். யாரையும் சோம்பேறி என்று சொல்ல முடியாது. 2003 டிசம்பரிலேயே சட்டம் திருத்தப்பட்டு, அபராதம் நாளுக்கு 10,000 டாலர் ஆனது. "மெய்க்ஸ்" பெயராலேயே அந்தப் பிரிவைச் சொல்கிறார்கள். ஆனால் அது அடுத்த தளத்துக்கான மருந்து. மெய்க்ஸுக்குக் கருமாதிதான் நடந்தது.

பின்னே எது காப்பாற்றியிருக்கும்? அமெரிக்காவில் ஒரு தளம் மத்திய அரசின் மேம்பாட்டு மானியம் வாங்கினால், பொதுவாக 20 வருடம் அதை விமானத் தளமாகவே நடத்த வேண்டும். மானியப் பணத்தில் நிலம் வாங்கினால் அந்தக் கட்டுப்பாட்டுக்கு முடிவே இல்லை. எஃப்ஏஏவின் கையில் இருக்கும் உண்மையான சாட்டை இதுதான். 2003-ல் மெய்க்ஸைக் கட்டிப்போட அப்படிப்பட்ட நிபந்தனை எதுவும் இருக்கவில்லை. புல்டோசர் வரும்போது குரல் கொடுக்க ஆயிரம் பேர் இருந்தார்கள், காட்டுவதற்கு ஒரு காகிதம் இல்லை.

காகிதம் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் சான்டா மோனிகா விமானத் தளம் இருக்கிறது. 1924-ல் முதன்முதலாக உலகைச் சுற்றி வந்த டக்ளஸ் விமானங்கள் அந்த ஊரில் தயாரானவை. போர்க்காலத்தில் மத்திய அரசு எடுத்து நடத்தி, 1948-ல் விமானத் தளமாகவே வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு நகரத்திடம் திருப்பிக் கொடுத்தது. 2014-ல் ஏஓபிஏ ஆதரவோடு ஒரு தீர்மானமும், நகரசபை தரப்பிலிருந்து எதிர்த் தீர்மானமும் மக்கள் ஓட்டுக்கு வந்தன. சுமார் 60 சதவீத வாக்கோடு நகரசபைத் தரப்பு ஜெயித்தது. 2017 ஜனவரியில் எஃப்ஏஏவே நகரத்தோடு சமரசம் செய்துகொண்டது. ஓடுபாதையை 4,973 அடியிலிருந்து 3,500 அடியாகக் குறைக்கலாம், 2028 டிசம்பர் 31-க்குப் பிறகு மூடிவிடலாம் என்று ஒப்புக்கொண்டது. காவல்காரனே சாவியைக் கொடுத்துவிட்டால் சங்கம் என்ன செய்யும்?

அந்த 60 சதவீதம் பேர் விமானத்தை வெறுப்பவர்களா? அப்படிச் சொல்வது அநியாயம். ஓடுபாதை முனையை ஒட்டி வீடுகள். (அந்தப் பகுதியில் பல வீடுகள் டக்ளஸ் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டியவை என்பது வேடிக்கை.) பின்னாளில் ஜெட் விமானங்கள் வந்து சத்தம் பெருகியது. ஈயப் பிரச்சினை வேறு. கார் பெட்ரோலிலிருந்து ஈயம் போய் எத்தனையோ வருடமாகியும் சிறு விமானங்களின் பெட்ரோலில் அது தொடர்ந்தது. கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா கவுன்டி, ரீட்-ஹில்வியூ தளத்தருகே வாழும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் பற்றி ஆய்வு செய்து 2021-ல் வெளியிட்டது. 2022 தொடக்கத்திலிருந்து தன் தளங்களில் ஈய எரிபொருள் விற்பனையை நிறுத்தியது. சங்கங்கள் விமானிகளுக்காகப் பேசுகின்றன, அது அவற்றின் வேலை. குழந்தையின் ரத்தப் பரிசோதனையைப் பற்றிப் பயப்படும் அம்மாவுக்கு அதில் பதில் இல்லை. ஓட்டுப்பெட்டியில் அவருக்கும் ஒரு ஓட்டு, விமானிக்கும் ஒரு ஓட்டு. அவர்களோ எண்ணிக்கையில் பல மடங்கு.

ஆகவே, அதே கடிதம் எழுதி அதே வழக்குப் போட இன்னொரு சங்கம் வேண்டாம். சந்தாப் பணம்தான் இன்னொரு கூறாகப் பிரியும்.

வேறு வேலை செய்யும் சங்கம் என்றால் கதை வேறு. மெய்க்ஸ் போன அதே 2003-ல், மொன்டானா மாநிலத்து விமானிகள் சிலர் ரெக்ரியேஷனல் ஏவியேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மலையிலும் காட்டிலும் இருக்கும் புல்தரை ஓடுபாதைகள்தான் அவர்கள் கவலை. வனத்துறை அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். தொண்டர்கள் போய்ப் புல் வெட்டுகிறார்கள், வேலி சரிசெய்கிறார்கள். கிளேசியர் தேசியப் பூங்கா அருகில் ரயன் ஃபீல்டு என்ற ஓடுபாதை நன்கொடையாக வந்து அமைப்புக்கே சொந்தமானது.

அவர்கள் கண்டுபிடித்த இன்னொரு முடிச்சு சுவாரசியமானது. தனியார் நில உரிமையாளர் ஏன் ஓடுபாதையை மூடுகிறார்? யாராவது விழுந்து அடிபட்டால் தன்மேல் வழக்கு வருமே என்ற பயம். பல அமெரிக்க மாநிலங்களில், வேட்டைக்கோ மீன் பிடிக்கவோ காசு வாங்காமல் நிலத்தில் அனுமதிக்கும் உரிமையாளருக்குப் பாதுகாப்பு தரும் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பட்டியலில் விமானம் ஓட்டுவதையும் சேர்க்கச் சொல்லி மாநிலம் மாநிலமாகப் போய்க் கேட்டார்கள். பல மாநிலங்கள் சேர்த்துவிட்டன. ஊர்வலமில்லை, பத்திரிகையில் பெரிய செய்தியுமில்லை, சட்டத்தில் ஒரே ஒரு சொல். விவசாயி தன் வயலோரத்து ஓடுபாதையை உழாமல் விட அது போதுமாக இருந்தது.

நகரத்து நடுவிலிருக்கும் தளத்துக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அங்கே ஒவ்வொரு ஏக்கருக்கும் விலை வேறு, ஓட்டுக் கணக்கும் வேறு. சான்டா மோனிகாவில் நகரசபை ஓடுபாதை நிலத்தில் பூங்கா அமைக்கும் திட்ட வேலையில் இறங்கிவிட்டது. மெய்க்ஸ் இருந்த இடத்தில் இப்போது புல்வெளியும் கச்சேரி மேடையும் இருக்கின்றன. பழைய விமான முனையக் கட்டடத்தை மட்டும் இடிக்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள்.