காலைப் பத்திரிகைக்காக ஒரு மரணம்

1936 ஜனவரி 20. இங்கிலாந்தின் சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இறந்துகொண்டிருந்தார். வயது 70. மன்னரின் உயிர் அமைதியாக முடிவை நெருங்குகிறது என்று இரவு 9.25 மணிக்கு மருத்துவர் டாசன் பிரபு அறிக்கை கொடுத்தார். 11.55க்கு உயிர் பிரிந்தது. இழுத்துப் பறிக்காத நல்ல சாவு என்றுதான் ஊர் உலகம் நினைத்தது.

ஐம்பது வருஷம் அப்படியே போயிற்று. டாசனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பிரான்சிஸ் வாட்சன், 1986இல் அவருடைய சொந்தக் குறிப்புகளை வெளியிட்டார். அன்றிரவு 11 மணி வாக்கில், நினைவிழந்து கிடந்த மன்னரின் கழுத்து ரத்தக்குழாயில் மார்ஃபினையும் பிறகு கொகெய்னையும் டாசனே ஊசியில் ஏற்றியிருக்கிறார். ஏன்? காத்திருந்து காத்திருந்து குடும்பத்தார் சோர்ந்துபோயிருந்தார்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்றுதான் நம்மைத் திடுக்கிட வைக்கிறது: சாவுச் செய்தி மாலைப் பத்திரிகைகளில் அல்ல, காலையில் ‘டைம்ஸ்’ இதழில் முதலில் வரவேண்டும்!

உயிரை வீணாக நீட்டிக்க வேண்டாம் என்று அரசியும் இளவரசரும் சொல்லியிருந்தார்கள். சரி. ஆனால் நீட்டிக்காமல் விடுவது வேறு, முடித்துவைப்பது வேறு. மன்னரை யாரும் கேட்கவில்லை.

அதே வருஷம் டிசம்பர் 1. தீராத நோயாளி தானே விரும்பிக் கேட்டால் மருத்துவர் உயிரை முடித்துவைக்கலாம் என்ற மசோதா பிரபுக்கள் சபைக்கு வந்தது. நோயாளியின் கையெழுத்து வேண்டும், சாட்சிகள் வேண்டும், நடுவர் ஒருவர் விசாரித்து அனுமதிக்க வேண்டும். எழுந்து நின்று எதிர்த்தவர்களில் டாசனும் ஒருவர். இது சட்டத்தின் வேலையல்ல, மருத்துவரின் மனசாட்சிக்கு விட்டுவிடுங்கள் என்பது அவர் கட்சி. 35க்கு 14 என்ற கணக்கில் மசோதா தோற்றது.

டாசனைக் கொலைகாரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எப்படியும் சில மணி நேரத்தில் போயிருக்கும் உயிர்தான். சட்டம் வந்தால் சுற்றியிருப்பவர்களின் வசதிக்காக நோயாளியைத் தீர்த்துவிடுவார்கள் என்று இன்றும் பலர் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம். ஆனால் சாண்ட்ரிங்ஹாமில் சட்டம் இல்லாமலே அதுதானே நடந்தது? மனசாட்சி மட்டும் இருந்த அந்த அறையில் குடும்பத்தின் களைப்புக்கு இடமிருந்தது, பத்திரிகையின் நேரத்துக்கும் இடமிருந்தது. படுத்திருந்தவரின் சம்மதத்துக்குத்தான் இடமில்லை. மன்னருக்கே இந்தக் கதி என்றால், பொது வார்டில் கிடப்பவரை யார் கேட்டிருப்பார்கள்?