வாய்ச்சொல்லும் பட்டாதான்

நிலம்னா நமக்கு முதல்ல பட்டா, சிட்டா, அப்புறம்தான் மண்ணு. ஒரு காகிதமும் இல்லாமலே விவசாயிகள் நிலத்தைக் காப்பாத்தின கதையைப் படிச்சப்போ எனக்கு ஆச்சரியமா இருந்தது. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் மொசாம்பிக் நாட்டுக் கதை அது.

போர்ச்சுக்கீசியர் ஆட்சியில், குறிப்பாக வடக்கே, குடியானவர்கள் பருத்தி போட்டே ஆகணும். அதையும் கம்பெனிக்குக் குறைஞ்ச விலையில் கொடுக்கணும். இந்தக் கட்டாயம் 1961 வரை நீடித்தது. சோத்துக்கான மண்ணுல பருத்தி நின்னா வீட்டுல அடுப்பு எப்படி எரியும்? 1975-ல் விடுதலை வந்தது, நிலம் முழுக்க அரசுடைமை ஆனது. ரெண்டே வருசத்தில் உள்நாட்டுப் போர். 1992 வரை ஓயவில்லை. சுமார் 17 லட்சம் பேர் அண்டை நாடுகளில் அகதிகளானார்கள்.

சமாதானம் வந்து ஊர் திரும்பியவர்களிடம் பத்திரம் ஏது? எந்தக் காடு யாருக்கு, எல்லை எந்த மரம் என்பதெல்லாம் ஊர்ப் பெரியவர்கள் நினைவில்தான் இருந்தது. அதை வச்சே மறுபடி விதைச்சாங்க. இன்னொரு பக்கம், அதே நிலத்தைக் கேட்டுப் பெரிய கம்பெனிகளும் அரசிடம் வந்து நின்றன.

இந்த நிலையில்தான் 1997-ல் புது நிலச்சட்டம் வந்தது. நிலம் அரசுடையதே, விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. ஆனால் வழக்கப்படி ஒரு சமூகம் ஆண்டுவந்த நிலத்தில் அதற்கு உரிமை உண்டு, பதிவு இல்லாவிட்டாலும் அந்த உரிமை போகாது. ஊர்க்காரர்கள், ஆணோ பெண்ணோ, சொல்லும் வாய்மொழிச் சாட்சியே ஆதாரம். வெளியாளுக்கு நிலம் கொடுக்கும் முன் ஊரைக் கேட்கணும்.

சட்டம் இருந்தும், கேட்டதாகப் பெயர் பண்ணிவிட்டு நிலத்தை எடுத்த இடங்கள் உண்டு. பெரிய சோதனை 2009-ல் வந்தது. ஜப்பான், பிரேசில், மொசாம்பிக் அரசுகள் சேர்ந்து வடக்கே 'ப்ரோசவானா' என்ற பெரும் வேளாண் திட்டத்தைத் தொடங்கின. பிரேசிலின் சோயா வயல்கள்தான் அதற்கு முன்மாதிரி. தங்கள் நிலம் போயிடும்னு பயந்த விவசாயிகள், யுனாக் என்ற தேசிய உழவர் சங்கத்தின் வழியே 2012-ல் எதிர்ப்பை அறிவித்தார்கள். அடுத்த வருசம் மூணு நாட்டுத் தலைவர்களுக்கும் பகிரங்கக் கடிதம் போனது. பிரேசில், ஜப்பான் உழவர் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் கூடச் சேர்ந்தன. 2020-ல் திட்டம் கைவிடப்பட்டது.

சட்டப் புத்தகம் மட்டும் நிலத்தைக் காப்பாத்திடலைங்க. எல்லை மரத்தை ஞாபகம் வச்சிருந்த கிழவனும் கிழவியும் இருந்தாங்க, அவங்க பேச்சுக்கு ஊரே சாட்சியா நின்னுச்சு. பத்திரம் பீரோவுல பத்திரமா இருக்கிற நம்ம ஊர்கள்ல, பொதுக்குளத்துக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் அப்படி நிக்க எத்தனை பேர் இருக்கோம்?