உள்ளீட்டுத் தாமதமும் பேராக்கின் தொழில் வரலாறும்

கணினி விளையாட்டில் ஈடுபடுபவர் மவுஸ் எனப் பரவலாக அழைக்கப்படும் சுட்டியை அசைக்கும் கணத்துக்கும், அந்த அசைவு திரையில் புலப்படும் கணத்துக்கும் இடையே கழியும் காலமே உள்ளீட்டுத் தாமதம் எனப்படுகிறது. இது மில்லிநொடியில், அதாவது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில், அளக்கப்படுகிறது. இத்தாமதம் குறைந்த வரலாறு பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுக்கூடங்களையும் வணிகப் பெயர்களையும் மட்டுமே கொண்டு எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் அந்த ஆய்வுகளைக் கைக்கு எட்டும் விலையில் பொருளாக்கிய குறைக்கடத்தித் தொழில் மலேசியாவின் பினாங்கிலும் பேராக்கிலும் வேரூன்றி வளர்ந்த ஒன்றாகையால், ஈயமும் ரப்பரும் ஆண்ட நிலம் மின்னணுவியலின் நிலமாக மாறிய கதையும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

1877இல் பேராக்கின் கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ தம் இல்லத் தோட்டத்தில் ரப்பர் கன்றுகளை நட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராக்கின் காடுகள் தோட்டங்களாயின. பால்மரம் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் எனப்பட்ட ஆள்சேர்ப்பாளர்கள் வழியே தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி, வெளிநாட்டுக் கம்பெனிகள் தம் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாகப் பிரித்து மறுவிற்பனை செய்த தோட்டத் துண்டாடலால் பல குடும்பங்கள் வேலையையும் குடியிருந்த லயன் எனப்பட்ட வரிசை வீடுகளையும் ஒருசேர இழந்தன. பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்த இழப்பைத் தடுக்கவே. தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை அவர்களுக்கே சொந்தமாக்குவது அதன் நோக்கம். எனினும் எல்லாத் தோட்டங்களையும் காக்க அதனால் இயலவில்லை. பின்னர் 1985இல் அனைத்துலக ஈய மன்றம் நிலைகுலைந்து ஈய விலை சரிந்தபோது, கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்களை நம்பியிருந்த பேராக்கின் ஈப்போ நகரும் அடிபட்டது.

இவ்விரு வீழ்ச்சிகளுக்கும் இடையிலேயே புதிய தொழில் காலூன்றியது. 1971இன் தடையற்ற வாணிப மண்டலச் சட்டம், உதிரிப் பொருள்களைச் சுங்க வரியின்றிக் கொண்டுவந்து, முடிந்த பொருளை ஏற்றுமதி செய்ய வழிவகுத்தது. 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் ஹியூலெட் பேக்கார்ட், இன்டெல் முதலிய நிறுவனங்கள் ஆலைகளை அமைத்தன. அதே ஆண்டில் ஈப்போவில் கார்செம் தோன்றியது. யூனிசெம் 1992இல் ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயில் உற்பத்தியைத் தொடங்கியது. கார்செமும் யூனிசெமும் செய்துவருவது சில்லுப் பொதியாக்கம், அதாவது சிலிக்கான் வில்லையை அறுத்து, ஒவ்வொரு சில்லையும் உலோகச் சட்டத்தில் ஒட்டி, மயிரிழையினும் மெல்லிய கம்பிகளால் இணைத்து, பிசினால் மூடிச் சோதித்து அனுப்பும் பணியாகும். நுண்ணோக்கியின் கீழ் கம்பி இணைக்கும் இப்பணிக்கு மலாய், சீனப் பெண்களோடு தோட்டப்புறங்களிலிருந்து வெளியேறிய தமிழ்ப் பெண்களும் வந்தனர். பால் வெட்டிய தலைமுறையின் அடுத்த தலைமுறை இவ்வாறு ஆலைப் பேருந்தில் ஏறியது.

சுட்டியின் வரலாறு இத்தொழிலோடு இணைவது அதன் கண்ணாகிய உணரியில்தான். டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டிய சுட்டி சக்கரங்களால் இயங்கியது. அதன்பின் பரவிய உருண்டைச் சுட்டியில் தூசி படிந்தால் அசைவு தடுமாறியது. 1999இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட ஒளியியல் சுட்டி, மேசைப் பரப்பை நொடிக்கு 1,500 முறை படமெடுத்து, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு அசைவைக் கணித்ததால், தனி விரிப்பும் உருளும் பாகங்களும் தேவையற்றுப் போயின. அதன் உணரி ஹியூலெட் பேக்கார்டின் ஆய்வில் பிறந்து, அதே ஆண்டில் பிரிந்த அஜிலென்ட் நிறுவனத்திடமும், 2005இல் அதிலிருந்து பிரிந்த அவாகோவிடமும், பின்னர் தைவானின் பிக்ஸ்ஆர்ட்டிடமும் சென்றது. 1972இல் பெண்கள் காந்த நினைவக வளையங்களைக் கையால் கோத்த ஹியூலெட் பேக்கார்ட் ஆலையோடு தொடங்கிய பினாங்குத் தொழில்மரபு, இவ்வரிசையில் உணரி வடிவமைப்பில் பங்கேற்கும் அளவுக்கு உயர்ந்தது.

உணரி கூர்மையானதும் தாமதம் வேறு இடங்களில் வெளிப்பட்டது. யூஎஸ்பி இணைப்பில் சுட்டி தானாகச் செய்தி அனுப்புவதில்லை. குறித்த இடைவெளியில் கணினி கேட்கும்போதே பதில் தருகிறது. வழக்கமான சுட்டிகளில் இக்கேள்வி நொடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லிநொடிக்கு ஒருமுறை, எழுந்ததால், அசைவு சராசரியாக 4 மில்லிநொடி காத்திருந்தது. விளையாட்டுச் சுட்டிகள் அதை நொடிக்கு 1,000 முறையாக உயர்த்திச் சராசரிக் காத்திருப்பை அரை மில்லிநொடியாகக் குறைத்தன; 2021இல் 8,000 முறை கேட்கும் சுட்டியும் சந்தைக்கு வந்தது. பொத்தானில் மற்றொரு தாமதம் இருந்தது. அழுத்தப்பட்ட உலோகத் தகடுகள் நிலைகொள்ளுமுன் சிலமுறை துள்ளுவதால், ஒரே அழுத்தம் பலவாகப் பதிவாகாதிருக்க உள்மென்பொருள் சில மில்லிநொடிகள் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. தகடுகளுக்குப் பதிலாக ஒளிக்கதிர் தடைபடுவதையோ தடை நீங்குவதையோ உணரும் பொத்தான்கள் அந்தக் காத்திருப்பைத் தேவையற்றதாக்கின.

தாமதச் சங்கிலியின் மற்றொரு பெரிய கண்ணி திரை. பழைய கண்ணாடிக்குழல் திரை வந்த சைகையை அப்படியே வரைந்தது. அதன் இடத்தைப் பிடித்த திரவப்படிகத் திரையோ, படத்தைச் சேமித்துத் திருத்தியபின் காட்டியதாலும், அதன் படிகங்கள் நிறம் மாற நேரமெடுத்ததாலும், மெலிவையும் தெளிவையும் தாமதத்தின் விலையில் தந்தது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 16.7 மில்லிநொடி கழிகிறது. 144 முறையாயின் அது 6.9 ஆகவும், 360 முறையாயின் 2.8 ஆகவும் சுருங்குகிறது. என்விடியா 2013இல் அறிமுகப்படுத்திய ஜி-சிங்க், வரைகலைச் சில்லு படத்தை முடிக்கும் கணத்திலேயே திரை புதுப்பிக்கும்படி செய்தது; அதே நிறுவனம் 2020இல் வெளியிட்ட ரிஃப்ளெக்ஸ், படங்கள் வரிசையில் தேங்காதபடி விளையாட்டு மென்பொருளை ஒழுங்குபடுத்தியது. கண்ணால் கண்டு விரலை அசைக்க மனிதருக்கு ஏறத்தாழ 200 மில்லிநொடி தேவைப்படுவதால் இச்சிறு குறைப்புகள் வீண் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் இருவர் மோதும் ஆட்டத்தில் இருவருக்கும் அந்த 200 பொதுவானதாகையால், கருவி சேர்க்கும் எஞ்சிய தாமதம் வெற்றியைத் தீர்மானிக்கக்கூடும். தன் கையசைவுக்குத் திரை பிந்துவதை ஆடுபவர் மிக நுட்பமாக உணரவும் செய்கிறார்.

கேள்வி முறைகளும் மென்பொருளும் பிற நாடுகளில் எழுதப்பட்டவையாக இருக்கலாம். ஆனால் நொடிக்குப் பல ஆயிரம் படமெடுக்கும் உணரியும் அதன் செய்தியைப் படிக்கும் சில்லும் கோடிக்கணக்கில், பிழையின்றி, மலிவாகக் கிடைத்ததால்தான் ஆய்வுக்கூடத்தின் விரைவு வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பிழையின்மையை உலகுக்கு வழங்கிய தொழிலில் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் மறுக்க முடியாத இடம் உண்டு. பேராக்கின் தோட்டங்களைப் பற்றித் தமிழில் நாவல்களும் ஆய்வுகளும் வந்துள்ளன. தோட்டத்தை விட்டு ஆலைக்குச் சென்ற பெண்களின் உழைப்புக்கும் அத்தகைய பதிவு வேண்டும். 1972இல் பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். அவர்களின் நினைவுகளைக் கேட்டு எழுதும் பணியைப் பேராக்கின் தமிழ் அமைப்புகளும் ஆய்வு மாணவர்களும் இனியும் தள்ளிப்போடலாகாது.