கச்சான் காத்தும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும்

வெளியூர் நண்பர்கள் பண்டாரவளைக்கு வந்தா, திரும்பும்போது தேயிலை வாங்கணும் என்பாங்க. கடையில போய் "நுவரெலியாத் தேயிலை இருக்கா?" என்றுதான் கேட்பாங்க. ஊவாத் தேயிலை என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. நாங்களும் கெம்பஸ் போகும்வரை அப்படித்தான். வீட்டில் குடித்து வளர்ந்தது டஸ்ட் தூள். டார்ஜிலிங், சீனாவின் கீமன் ஆகியவற்றோடு சேர்த்து, உலகின் மூன்று சிறந்த கறுப்புத் தேயிலைகளில் ஒன்றாக ஊவாவைச் சொல்வார்கள் என்பதைப் புத்தகத்தில் படித்துத்தான் அறிந்தோம்.

அந்தச் சுவைக்குக் காரணம் எங்க காத்து. தென்மேல் பருவமழை மலையின் மேற்குப் பக்கத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். மலையைத் தாண்டி எங்க பக்கம் இறங்கும்போது அது வெறும் வறண்ட கச்சான் காத்து. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை அது அடிக்கும்போது கொழுந்து வாடி, தன்னைக் காத்துக்கொள்ள சில வாசனைப் பொருட்களைக் கூடுதலாகச் சுரக்கிறது. நாக்கில் லேசாகக் குளிரும் அந்த மணம் அப்படி வருவதுதான். ஜப்பான்காரர்கள் இதைத் தேடி வாங்குகிறார்கள்.

ஆனால் ருசி இருந்தால் மட்டும் பேர் வந்துவிடுமா? இத்தாலியின் பிரான்சியாகோர்த்தாவைப் பாருங்க. லொம்பார்டியில் இசெயோ ஏரிக்குத் தெற்கே உள்ள சின்னப் பகுதி. நுரைக்கும் வைன் என்றால் எல்லோரும் பிரான்ஸின் ஷாம்பெய்னைச் சொன்ன காலத்தில், 1961-ல் பெர்லூக்கி நிறுவனத்தில் பிராங்கோ சிலியானி அதே போத்தல் நொதிப்பு முறையில் அங்கே வைன் செய்தார். 1967-ல் அந்த ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு, 1995-ல் நாட்டின் மிக உயர்ந்த தரச் சான்று. இன்று போத்தலில் ஊரின் பெயரே போதும்.

எங்க கதை வேறு. 1869-ல் வந்த இலை நோய் கோப்பியை அழித்த பிறகு இந்த மலைகளில் தேயிலை ஏறியது. 1890-ல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னை உட்படப் பல தோட்டங்களை வாங்கினார். பக்கற்றில் அவர் பெயர். விளம்பரங்களில் கூடையோடு ஒரு தமிழ்ப் பெண்ணின் படம். அவளுக்குப் பெயர் கிடையாது. பெரும்பாலான ஊவாத் தேயிலை கொழும்பு ஏலத்தில் விற்று, வேற தேயிலைகளோடு கலந்து, ஊர்ப் பெயரையும் தொலைத்தது.

பேர் தொலைந்தது தேயிலைக்கு மட்டுமில்ல. 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம், கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் பலரை இந்தியாவுக்கு அனுப்பியது. மிஞ்சியிருந்தவர்களின் பிரச்சினை சட்டத்தில் முடிய 2003 ஆனது.

அதனால், ஊவாத் தேயிலைக்குப் பேர் வரணும் என்று நாங்க ஆசைப்படும்போது ஒரு கேள்வியும் கூடவே வருது. காத்தைப் பற்றிப் பேசுறோம், மண்ணைப் பற்றிப் பேசுறோம், அந்தக் காத்துல நின்று பறித்த கையைப் பற்றி யார் பேசுறது? பக்கற்றில் "ஊவா" என்று எழுதினால் அதில் அவங்களும் இருக்கணும். கூலியாக, காணியாக, வீடாக.

இந்த ஆகஸ்ட்ல எங்க வீட்டு டஸ்டை ஒதுக்கி வைத்துவிட்டு, கச்சான் காலத் தேயிலையைப் பால் இல்லாமல் ஊற்றிக் குடித்துப் பார்க்கப் போகிறோம். லயத்துப் பாட்டிகளுக்கும் ஒரு கோப்பை கொடுக்கணும். பறித்தது அவங்கதானே.