சரளை மேட்டில் சைக்கிள்

டயரில் காற்று இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டில் கிளம்பி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் கடற்கரை வரை போகப்போகிறோம். தார் ரோட்டிலேயே போனால் முப்பது கிலோமீட்டர் சொச்சம், அவ்வளவுதான். ஆனால், நாம் அடிக்கடி ரோட்டை விட்டு இறங்கப்போகிறோம். ஏரிக்கரை, ஒற்றையடிப் பாதை, பாறை இடுக்கு, புதர்க்காட்டின் ஓரம்... மவுண்டன் பைக்காரர்கள் தேடி அலைகிற சமாசாரமெல்லாம் இந்தப் பக்கம் தாராளமாக இருக்கிறது.

இந்த மவுண்டன் பைக் பிறந்த கதை சுவாரஸ்யமானது. 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சில இளைஞர்கள், தடித்த டயர் வைத்த பழைய சைக்கிள்களைத் தேடிப்பிடித்து மலை மேல் ஏற்றிக்கொண்டு போய், மண்பாதையில் தலைதெறிக்க இறங்கினார்கள். 1976-ல் அதையே ஒரு பந்தயமாக நடத்தினார்கள். பந்தயத்தின் பெயர் 'ரீபேக்'. மலையடிவாரம் வந்து சேர்வதற்குள் பின்சக்கர பிரேக் சூடேறி உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்துபோகும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த சவாரி. அதனால் அந்தப் பெயர்! இருபதே வருஷத்தில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் அது பதக்கம் தரும் விளையாட்டாகிவிட்டது.

நம்ம ஊர் பால்காரர் இந்தக் கதையைக் கேட்டால் சிரிப்பார். கியரும் கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. ஒரு கறுப்பு சைக்கிளில் இரண்டு பக்கமும் பால் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் வரப்பு மேலேயே ஓட்டி வந்தவர் அவர். பந்தயம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, நம் பாதைக்கு வருவோம். மவுண்டன் பைக் ஓட்டுகிறவருக்கு எப்படிப்பட்ட நிலம் பிடிக்கும்? நெல் வயல் உதவாது, சேறு. தென்னந்தோப்புக்கு வேலி இருக்கும். ஏர் பிடிக்காத இடம்தான் அவருக்கு வேண்டும். செம்மண் சரளை, பாறை, களாவும் காரையும் சூரையும் மண்டிய மேடு. வருவாய்த்துறைக் கணக்கில் 'தரிசு', 'புறம்போக்கு', 'பாறை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்களே, அந்த நிலம்.

இந்தக் கணக்கு எழுதும் வழக்கத்துக்கும் செங்கல்பட்டுக்கும் பழைய சொந்தம் உண்டு. 1763-ல் ஆற்காடு நவாப் இந்தச் சீமையை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகிராக எழுதிக் கொடுத்தார். கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? தாமஸ் பர்னார்ட் என்ற இன்ஜினீயரை அனுப்பி, 1767-லிருந்து 1774 வரை ஏறக்குறைய இரண்டாயிரம் கிராமங்களை அளந்து எடுத்தார்கள். எது விளையும், எது விளையாது என்பதுதான் அளந்தவர்களின் கவலை. விளையாத நிலத்துக்கு வரி கிடையாது. வரி இல்லாத நிலத்தை யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள்?

ஒருவர் பார்த்தார். அவர் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட். புவியியல் துறையில் வேலை. 1863-ம் வருஷம் மே 30-ம் தேதி, அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்த பல்லாவரத்தில், பரேட் மைதானத்துக்குப் பக்கத்தில், சரளைக்காகத் தோண்டிய ஒரு குழியை எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு கல் கிடந்தது. இரண்டு பக்கமும் கொத்தி, கைக்கு அடக்கமாகச் செதுக்கிய கல். ஆதிமனிதனின் கைக்கோடாரி! இந்தியாவில் பழைய கற்காலத்து மனிதன் இருந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சாட்சி அதுதான். அது வரை நம் வரலாறு வேதத்தில் தொடங்குவதா, வேறெங்காவது தொடங்குவதா என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு, பல்லாவரத்துச் சரளைக்குழி பல லட்சம் வருஷங்களைக் கூடுதலாகக் கொடுத்தது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? குழி தோண்டியதால்தான் கோடாரி கண்ணில் பட்டது. அதே குழியிலிருந்து அதற்கு முன்பே வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போன சரளையில் எத்தனை கோடாரிகள் போயினவோ!

சரளைக்கு இன்னொரு வாடிக்கையாளரும் இருந்தார்கள். சுமார் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐநூறு வருஷத்துக்கு முன்னால், இரும்பை உருக்கத் தெரிந்துகொண்டு, ஏரிப்பாசன நிலத்தில் நெல் போட்ட ஜனங்கள். செத்தவர்களை எங்கே புதைப்பது? நஞ்சையை வீணாக்க மனசு வரவில்லை. ஏர் ஓடாத சரளை மேட்டுக்கும் பாறைச் சரிவுக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரிய பானையிலோ, கால் வைத்த சுடுமண் பேழையிலோ எலும்புகளை வைத்து, கறுப்பு-சிவப்புப் பானைகளும் இரும்பு ஆயுதங்களும் துணைக்கு வைத்து மூடி, சுற்றிலும் பெரிய பெரிய கற்களை வட்டமாக நட்டார்கள். இதைத்தான் கல்வட்டம் என்கிறோம். தமிழ்நாட்டின் பல கிராமங்களில் 'பாண்டவர் குழி' என்பார்கள். பெரிய கல்லைப் புரட்டுவதென்றால் பீமன்தானே வரவேண்டும்!

1950களில் மத்தியத் தொல்லியல் துறை சாணூர், குன்னத்தூர், அமிர்தமங்கலம் என்று இந்த வட்டாரத்தில் வரிசையாகத் தோண்டிப் பார்த்தது. எல்லாம் இந்தக் கல்வட்டக்காரர்களின் ஊர்கள்தான். அந்தத் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கோயிலும் கோட்டையும் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். செங்கல்பட்டுப் பக்கம் வந்ததும், ஈமச்சின்னம், ஈமச்சின்னம் என்று கிராமம் கிராமமாக நீண்டுகொண்டே போகும்.

ஆக, உங்கள் சைக்கிள் விரும்புகிற நிலமும், அந்த ஜனங்கள் தங்கள் முன்னோரைப் படுக்கவைத்த நிலமும் ஒன்று. இதை வைத்துக்கொண்டுதான் வண்டியை மிதிக்கவேண்டும். புதர் ஓரத்தில் ஐந்தாறு மீட்டர் அகலத்துக்குக் கற்கள் பாதி புதைந்து வளையமாகத் தெரிந்தால், நடுவில் லேசாக மேடு தட்டினால், தயவுசெய்து இறங்கிவிடுங்கள். துள்ளிப் பறக்க வாகான மேடு என்றுதான் முதலில் தோன்றும். அது கல்லறை. கல்லைப் புரட்டவேண்டாம், பானை ஓட்டைப் பையில் போடவேண்டாம். பொருள் ஏதாவது தட்டுப்பட்டால் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 1878-ம் வருஷப் புதையல் சட்டம் சொல்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தாலே இந்த விதி! இன்னொரு விஷயம்: காப்புக்காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். வெளியே ஓரத்துப் பாதைகளே போதும்.

உண்மையைச் சொன்னால், சைக்கிள் டயர் செய்கிற சேதம் கொசுறு. ரோடு போட, பிளாட் நிரப்ப, சரளையை அள்ளுகிற இயந்திரம் ஒரு மதியத்தில் செய்கிற வேலைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. வட்டக் கல்லையெல்லாம் வேலிக்கல்லாக நட்டுவிட்டால், அங்கே ஒரு இடுகாடு இருந்தது என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? 'தரிசு' என்று எழுதிய காகிதம் மட்டும் பத்திரமாக இருக்கும்.

செங்கல்பட்டைத் தாண்டியதும் கிழக்கே வல்லம். சின்னக் குன்று. அதில் பல்லவர் காலத்துக் குடைவரைகள் மூன்று. மாமல்லபுரத்துக் கூட்டத்தில் நூறில் ஒரு பங்குகூட இங்கே வராது. ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், மகேந்திரவர்மனுக்கு அடங்கிய வசந்தப்பிரியரசன் என்பவனின் மகன் கந்தசேனன் பாறையைக் குடைந்து இந்தத் 'தேவகுல'த்தை எடுத்ததாகத் தமிழில் கல்வெட்டு இருக்கிறது. கல்லைக் குடையும் ஆசை ராஜாவோடு நிற்கவில்லை, உள்ளூர்ப் பெரிய மனிதர்களையும் தொற்றிக்கொண்டது என்பதற்கு இது சாட்சி. எனக்கு மாமல்லபுரத்தைவிட வல்லம் ஒரு பிடி அதிகம் பிடிக்கும்.

அங்கிருந்து திருக்கழுக்குன்றம். மலை மேல் வேதகிரீஸ்வரர். படி ஏறவேண்டும், சைக்கிளைக் கீழே பூட்டிவிடுங்கள். தினமும் உச்சிப்பொழுதில் இரண்டு கழுகுகள் வந்து அர்ச்சகர் கையால் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகும் என்பதுதான் இந்த ஊரின் பெருமை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அவை நிஜத்தில் மஞ்சள் முகம் கொண்ட வெள்ளைப் பிணந்தின்னிக் கழுகுகள். இப்போது வருவதில்லை. பாவிகள் கூட்டத்தில் இருந்தால் கழுகு வராது என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். பொதுவாகவே இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்ததற்கு மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி மருந்து முக்கியக் காரணம் என்று பிறகு தெரிந்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள்.

இதே மலையில் பாறையைக் குடைந்த 'ஒருகல் மண்டபம்' இருக்கிறது. சுவரில் பல்லவர் சிற்பத்தோடு, டச்சுக்காரர்களின் பெயர்களும் செதுக்கியிருக்கின்றன! கடலோரம் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி, துணி வியாபாரம் செய்துகொண்டிருந்தவர்கள், பதினேழாம் நூற்றாண்டில் இங்கே உலாவ வந்து 'நானும் வந்தேன்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்றைக்கு அது வரலாற்று ஆவணம். அதை ஆதாரம் காட்டி உங்கள் பெயரையும் செதுக்கிவிடாதீர்கள். இரண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

இனி கடல் வரை பெரிய ஏற்றம் இல்லை. மாமல்லபுரத்தை 1984-லேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நாம் நிற்காமல் வடக்கே ஐந்து கிலோமீட்டர் மிதித்து சாளுவன்குப்பம் போவோம். புலிக்குகையைப் பார்த்ததும் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது.

2004 டிசம்பரில் சுனாமி வந்து மணலை வாரிக்கொண்டு போனபோது, அங்கே ஒரு பாறையில் கல்வெட்டு வெளியே தெரிந்தது. திருவிழிச்சில் என்ற ஊரில் ஒரு சுப்பிரமணியர் கோயில் இருப்பதாகக் கல்வெட்டுகள் பேசின. கோயில் எங்கே? தொல்லியல் துறையினர் 2005-ல் தோண்ட ஆரம்பித்தார்கள். மணலுக்குள்ளே பல்லவர் காலத்துக் கோயிலின் மிச்சம், அதற்கும் அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில். வடக்குப் பார்த்த முருகன் கோயில், கல்லில் ஒரு வேல். தமிழ்நாட்டில் கிடைத்த மிகப் பழைய முருகன் கோயில்களில் ஒன்று என்கிறார்கள்.

ரோட்டிலிருந்து அதுவரை மணல்தான். எவ்வளவு தடித்த டயராக இருந்தாலும் புதையும், தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும்.