மேசை யாருடையது?

'அண்ணா, எச் டிரைவைக் காணோம். ரெண்டு வருஷ ஃபைலும் போச்சு.' 2020 ஊரடங்கில் பெருங்களத்தூர் வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு பெண் அழாத குறையாகச் சொன்னார். நான் அப்போது தாம்பரத்தில் ஒரு நிறுவனத்தின் கணிப்பொறி உதவிப் பிரிவில் இருந்தேன். கோப்பு எதுவும் போகவில்லை. 'எச்' என்பது சர்வரில் உள்ள ஒரு ஃபோல்டருக்கு லாகின் நேரத்தில் ஒட்டப்படும் எழுத்து, அவ்வளவுதான். அன்று அது ஒட்டவில்லை. சர்வர் முகவரியை நேரடியாகத் தட்டச் சொன்னேன்; எல்லாம் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அவருடைய திரை கொஞ்சம் வெறிச்சென்று வந்தது. பழைய படம் இல்லை, ஐகான்கள் இல்லை. 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று 8 மணி நேரம் வேலை செய்து, அந்த மேசையிலேயே சேமித்து, வெளியேறினார். அத்தனையும் அழிந்தது. டிக்கெட்டில் காரணம் என்ற கட்டத்தில் 'பயனர் தவறு' என்று எழுதப்பட்டது. எழுதியவன் நான். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்க்கவே இதை எழுதுகிறேன்.

மெய்நிகர் மேசையில் நம் முன் இருப்பது வெறும் திரை, கணிப்பொறி வேறெங்கோ. இது புதிதல்ல. ஒரே கணிப்பொறியை முனையங்கள் வழியே பலர் பகிர்ந்துகொள்ளும் முறையை 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செய்துகாட்டினார்கள். 1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 வந்தபோதும் மாணவர்கள் துளையட்டைக் கட்டை நீட்டி அச்சுத்தாளைப் பெற்றார்கள். பிறகு கணிப்பொறி மேசைக்கு வந்தது. நம் சிற்றிதழ்கள் டிடிபிக்கு மாறிய தொண்ணூறுகளில் கட்டுரை ஃப்ளாப்பியில், ஃப்ளாப்பி சட்டைப்பையில். அதே பத்தாண்டில்தான் எதிர்நகர்வும் தொடங்கியது: 1995இல் சிட்ரிக்ஸின் வின்ஃப்ரேம், 1998இல் மைக்ரோசாஃப்டின் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் அஸ்யூரிலிருந்து மேசையையே வாடகைக்கு விடத் தொடங்கியது.

தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் தொடங்கிய மெப்ஸ், 2003இல் சிறப்புப் பொருளாதார மண்டலமானது. அங்கே நிற்பவர் தாம்பரத்தில்தான் நிற்கிறார். ஆனால் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த இடம் இந்தியச் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கருதப்படும். உடம்பு ஓரிடம், வேலையின் கணக்கு வேறிடம். மெய்நிகர் மேசை இதையே ஒவ்வொரு நாற்காலிக்கும் கொண்டுவருகிறது.

இம்முறையில் பெரும்பாலும் ஒருவருக்கென்று நிலையான கணிப்பொறி கிடையாது. லாகின் செய்யும்போது ஏதோ ஒன்று ஒதுக்கப்படும். அவருடைய புரொஃபைல் ஒரு மெய்நிகர் வட்டாகச் சர்வரில் கிடக்கும். உள்ளே நுழைந்ததும் மாட்டப்படும். முந்தைய அமர்வு சரியாக முடியாமல் அந்த வட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் மாட்ட முடியாது. இயந்திரம் அப்போது தற்காலிகப் புரொஃபைல் ஒன்றைக் கொடுத்து ஆளை உள்ளே விடும். அவர் வெளியேறியதும் அதை அழித்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஓர் எண். இந்த வட்டுகளை மாட்டும் மென்பொருள் எஃப்.எஸ்.லாஜிக்ஸ், 2018இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. தற்காலிகப் புரொஃபைலோடு ஆளை உள்ளே விடாதே என்று சொல்ல அதில் ஓர் அமைப்பு உண்டு. 1 என்றால் தடுக்கும். யாரும் மாற்றாதவரை 0. எங்களிடமும் 0தான். தடுத்தால் வேலை நிற்கும்; நட்டம் நிறுவனத்தின் கணக்கில் ஏறும். விட்டால் வேலை நடக்கும். நட்டம் தொழிலாளியின் பெயரில் ஏறும். அந்தப் பூஜ்யத்தை அப்படியே வைத்திருந்தவர் பயனர் அல்லர். ஆனாலும் டிக்கெட்டில் அவர்தான் குற்றவாளியாகக் கட்டமைக்கப்பட்டார்.

ஆகவே நண்பர்களே, டிரைவைக் காணோம் என்றால் பதற வேண்டாம். மேசை புதுசா, காலியா வந்தால் பதறுங்கள். அதில் எதையும் வைக்காதீர்கள். வைத்துவிட்டிருந்தால் வெளியேறும் முன் சர்வர் ஃபோல்டருக்கு நகலெடுங்கள். பிறகு உதவிப் பிரிவைக் கூப்பிடுங்கள். டிக்கெட்டை முடிக்கும்போது காரணம் என்ன எழுதினார்கள் என்று கேளுங்கள். என்னை யாரும் கேட்கவில்லை.