பழவேற்காட்டிலிருந்து ஜித்தா: எவ்வளவு தூரம்? எத்தனை மணி நேரம்?



உம்ராவுக்குப் புறப்படும் பழவேற்காடு ஏரிக்கரைக் குடும்பத்தார் நம்மிடம் முதலில் கேட்பது, "ஹஜ்ரத், ஃபிளைட் எத்தனை மணி நேரம்?" என்பதுதான். இஹ்ராமும் தொழுகையும் இந்தக் கணக்கோடு சேர்ந்தவை என்பதால் சற்று விவரமாகவே பார்ப்போம்.

வீட்டிலிருந்து விமான நிலையம்

பழவேற்காட்டிலிருந்து மீனம்பாக்கம் சுமார் 75 கி.மீ. பொன்னேரி, மீஞ்சூர் வழியாகச் செல்ல இரண்டரை மணி நேரமாவது வேண்டும். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே அங்கு இருக்க வேண்டும். காலை 10 மணி விமானம் என்றால் 4 மணிக்கெல்லாம் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். சுப்ஹுத் தொழுகை வழியில்தான். எந்தப் பள்ளியில் நிறுத்துவது என்று வேன் ஓட்டுநரிடம் முதல் நாளே பேசிவையுங்கள்.

சென்னை – ஜித்தா

வான்வழித் தூரம் சுமார் 4,450 கி.மீ. நேரடி விமானம் ஐந்தரை முதல் ஆறு மணி நேரத்தில் சேரும். துபாய், தோஹா போன்ற ஊர்களில் மாறிச் சென்றால் காத்திருப்பைப் பொறுத்து நேரம் கூடும்.

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரமே இருக்கும். சவூதி நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. "புறப்பாடு 10:00, வருகை 1:30" என்றிருந்தால் மூன்றரை மணி நேரம் என்று எண்ணிவிடாதீர்கள். பயணம் ஆறு மணி நேரம்.

இஹ்ராம் எப்போது?

ஜித்தாவில் இறங்குவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பே விமானம் மீகாத் எல்லையைக் கடந்துவிடும். மேற்சொன்ன விமானத்தில், நம் கைக்கடிகாரப்படி பிற்பகல் மூன்றேகாலுக்கே ஆயத்தமாக இருக்க வேண்டும். இறங்கியபின் இஹ்ராம் கட்டலாம் என்று துணியைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு, விமானத்தில் தவித்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். நிய்யத்து இல்லாமல் எல்லையைக் கடந்தவர் மீகாத்துக்குத் திரும்பிச் செல்ல வேண்டும். இல்லையேல் தம் கொடுக்க வேண்டும். ஆகவே ஆண்கள் வீட்டிலோ விமான நிலையத்திலோ குளித்து இஹ்ராம் துணியை உடுத்திக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்ததும் ஆண்களும் பெண்களும் நிய்யத்து வைத்துத் தல்பியா சொல்லுங்கள். உறங்கிவிடுவோம் என்ற அச்சம் இருந்தால் முன்கூட்டியே நிய்யத்து வைத்துக்கொள்ளலாம். அதன்பின் விமானத்தில் தரும் வாசனைத் துண்டைத் தொடாதீர்கள்.

தொழுகை

கஸ்ருக்கான தூரம் சுமார் 80 கி.மீ. என்று ஆலிம்கள் கணக்கிட்டுள்ளனர். சென்னைச் சந்தைக்கு மீன் கொண்டுபோய்த் திரும்புபவருக்கு அந்தத் தூரம் வராது. அவர் முழுமையாகவே தொழ வேண்டும். ஜித்தாவுக்குப் புறப்பட்டவரோ, நம் ஊர் எல்லையைத் தாண்டியதுமே பயணியாகிவிடுகிறார். விமானம் மேற்கே செல்வதால் பகல் நீளும். இறங்கும்போது நம் கடிகாரம் மாலை 4 காட்டினாலும் அங்கே லுஹர் நேரம் முடிந்திருக்காது. தொழுகைக்கும் நோன்பு திறப்பதற்கும் நாம் இருக்கும் இடத்துச் சூரியனே கணக்கு.

ஜித்தாவிலிருந்து மக்கா சாலைவழியே சுமார் 80 கி.மீ.; ஏறக்குறைய நம் வீட்டிலிருந்து மீனம்பாக்கம் செல்லும் தூரம்தான். அல்லாஹ் உங்கள் உம்ராவை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.